பாழ்பட்ட போர்த்துறைமுகம்

துறைமுகம் என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே தமிழ் பயில்வார் உள்ளத்தில் காவிரிப்பூம்பட்டினமும் கொற்கையும் தோன்றுதல் இயல்பு. மிளகும் முத்தும் குதிரையும் ஏறியிறங்கிய துறைகள் அவை. வாணிகத்தின்பொருட்டு அன்றிப் போரின்பொருட்டே தோன்றி, போர் ஓய்ந்தவுடன் தானும் ஓய்ந்துபோன துறைமுகமும் உலகில் உண்டு. இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில், கெண்ட் மாகாணத்தில், சாண்ட்விச் நகரை அடுத்துள்ள ரிச்பரோ அத்தகையது. அதன் வரலாற்றை அன்பர்கள்முன் வைப்பதோடு, அதனைக் குறித்து எமக்குத் தோன்றும் கருத்தொன்றையும் கூற விழைகின்றோம். ரிச்பரோவைப் புகழ்வோர் அங்கிருந்து சென்ற வெடிமருந்தைப் பற்றி விரித்துப் பேசுவர். அங்கு வந்து தங்கிய மனிதரைப் பற்றி ஒரு வரியில் முடித்துவிடுவர். அம்முறையை மாற்றி எழுதுதல் வேண்டும் என்பதே எமது கருத்து.

சாண்ட்விச் என்னும் பெயரை நம் விடுதி மாணவர் அறியாதவரல்லர். ஆயினும் அவர் அறிந்தது உண்ணும் பொருளாக மட்டுமே. ரொட்டித் துண்டுகளின் நடுவே இறைச்சியை வைத்துண்ட பிரபு ஒருவரின் பட்டப்பெயரால் அவ்வுணவு பெயர் பெற்றது. அப்பட்டமோ இவ்வூரின் பெயரால் அமைந்தது. ஊர் மிகப் பழையது. கி.பி. 43-இல் கிளாதியஸ் பேரரசன் விடுத்த உரோமப் படை பிரித்தானியத் தீவில் இறங்கியது ரிச்பரோவிலேதான் என்பது வரலாற்றாசிரியர் பெரும்பாலோர் துணிபு. உரோமர் எழுப்பிய கோட்டையின் மதில் இன்றும் நிற்கின்றது. அன்று அம்மதிலருகே கடல் இருந்தது. இன்று கடலைக் காண இரண்டரை மைல் நடத்தல் வேண்டும். தானெட் என்னும் நிலப்பகுதியைத் தனித் தீவாகப் பிரித்திருந்த நீரிணை வண்டல் படிந்து மெல்ல மெல்லத் தூர்ந்தது. இடைக்காலத்தில் அரசனுக்குக் கப்பல் தந்து உதவிய ஐந்துறை நகரங்களுள் ஒன்றாய் விளங்கிய சாண்ட்விச்சும் அவ்வண்டலால் துறைமுகம் என்னும் நிலையை இழந்தது. அதன் எதிர்க்கரையில் இருந்த ஸ்டோனர் என்னும் பழைய துறைப்பட்டினமோ அடியோடு மறைந்தது. எனவே, 1916-ஆம் ஆண்டில் பிரித்தானியப் போர் அலுவலகத்தார் இங்கு வந்தபோது கண்டது ஸ்டூர் ஆறு வளைந்து வளைந்து ஓடும் உப்புச் சதுப்பு நிலத்தையே.

அச்சதுப்பு நிலத்தை அவர் நாடியதற்குக் காரணம் இருந்தது. முதல் உலகப்போர் மூன்றாம் ஆண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பதுங்குகுழிகளில் கிடந்த படைகளுக்கு நாள்தோறும் வெடிகுண்டும் உணவும் வைக்கோலும் மரமும் இரும்பும் அனுப்பியாக வேண்டும். டோவர், போக்ஸ்டன் முதலிய துறைகள் கடற்படைக் காவலாலும் வீரர் போக்குவரவாலும் காயமுற்றோரைக் கொணரும் கலங்களாலும் நெருக்குண்டு கிடந்தன. அக்கரைத் துறைகளிலும் அதே நெருக்கடி. இந்நிலையில் அரச பொறியியற்படையின் உள்நாட்டு நீர்ப்போக்குவரவுப் பிரிவினர் ஓர் எளிய உபாயத்தைக் கண்டனர். தட்டையான அடியுடைய பெரிய சரக்குத் தோணிகளில் ரிச்பரோவிலேயே பண்டங்களை ஏற்றி, இழுவைக் கப்பல்களால் கடலைக் கடத்தி, அக்கரையில் நிறுத்தாமலே பிரெஞ்சு நாட்டுக் கால்வாய்களினுள் செலுத்திவிடுதல் என்பதே அது. கப்பலினின்று இறக்கிக் கரையில் அடுக்கி, மீண்டும் வண்டியில் ஏற்றி, மறுபடியும் இறக்கும் தொல்லை இல்லை. இங்குக் கட்டிய பெட்டி போர்க்களத்துக்கு அணித்தாகவே அவிழ்க்கப்படும். தோணிக்கு ஆழமான நீரும் வேண்டுவதில்லை. பெருங்கப்பல் வர இயலாத சதுப்பு என்று உலகம் தள்ளிய குறையே அத்துறையின் குணமாயிற்று.

ஆற்றின் போக்கு திருத்தப்பட்டது. புதிய துறைமேடை கட்டப்பட்டது. இருப்புப்பாதைகள் வலைபோற் பரந்தன. தோணி கட்டும் பட்டறைகளும் பண்டசாலைகளும் மின்னிலையமும் எழுந்தன. ஏறக்குறைய 2,000 ஏக்கர் பரப்பில், பல்லாயிரம் படைவீரரும் தொழிலாளரும் தங்கும் பாசறைகளோடு, ஒரு நகரமே இரண்டாண்டில் தோன்றிவிட்டது. அதனைக் குறித்துச் செய்தித்தாள்கள் மூச்சுவிடவில்லை. மறைவாக நடந்தமையால் மக்கள் அதனை மர்மத் துறைமுகம் என்றே வழங்கினர்.

1918-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அங்கு வேறொரு புதுமையும் தொடங்கியது. புகைவண்டித் தொடரையே சுமந்து கடலைக் கடக்கும் கலம் அது. கலத்தின் தளத்தில் நான்கு வரிசைத் தண்டவாளங்கள். அவற்றில் ஐம்பதுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகள் நிற்கலாம். கடலின் ஏற்றவற்றத்திற்கேற்பக் கலம் உயர்ந்தும் தாழ்ந்தும் நிற்குமாதலால், கரையிலுள்ள தண்டவாளத்தையும் கலத்திலுள்ள தண்டவாளத்தையும் இணைக்க, ஒரு முனையில் கீலும் மறுமுனையைத் தூக்கித் தாழ்த்தும் பொறியும் உடைய இரும்புப் பாலம் அமைக்கப்பட்டது. ரிச்பரோவிலிருந்து கலே, டன்கர்க் துறைகளுக்கு இக்கலங்கள் சென்றன. பீரங்கியும் டாங்கியும் எஞ்சினும் தொழிற்சாலையில் ஏறிய நிலையிலேயே பிரான்சில் உருண்டு இறங்கின. ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதற் புகைவண்டிக் கலங்களுள் இவையும் அடங்கும்.

இவ்விடத்தில் நம் அன்பர் சிலர், "போரன்றோ இத்தகைய புதுமைகளைப் பிறப்பிக்கின்றது!" என்று வியத்தல் கூடும். நம் சொற்போர் மன்றத்திலும் இவ்வாதத்தை யாம் கேட்டதுண்டு, கைதட்டலும் பெறுவதுண்டு. ஆயின் உண்மை வேறு. டென்மார்க்கில் 1872-ஆம் ஆண்டிலேயே புகைவண்டிக் கலங்கள் ஓடின. ஜெர்மனிக்கும் சுவீடனுக்கும் இடையே 1909 முதல் அவை கடலைக் கடந்தன. அங்கெல்லாம் வெண்ணெயும் தபாலும் பிரயாணிகளும் அவற்றுக்குப் போதுமான காரணமாயின. அறிவு முன்னரே இருந்தது, பணந்தான் வரவில்லை. போர் வந்தவுடன், நேற்றுவரை இல்லை எனப்பட்ட பணம் எவ்வாறோ வந்துவிட்டது. எனவே போர் புதுமையின் தாயாகாள்; புதுமைக்கு வட்டிக்குக் கடன் கொடுப்பவள் என்று வேண்டுமாயின் கூறலாம்.

1918 நவம்பரில் போர் நின்றது. திரும்பி வந்த பழைய தளவாடங்களை இறக்குவதற்குச் சிலகாலம் துறை பயன்பட்டது. பின்பு விற்பனை தொடங்கியது. மூன்று புகைவண்டிக் கலங்களும் பெயர்ந்து, 1924 முதல் ஹார்விச்சுக்கும் பெல்ஜிய நாட்டு ஜீப்ரூக்குக்கும் இடையே வாணிகத்தில் ஓடின. துறைமுகத்தைக் கெண்ட் நிலக்கரிச் சுரங்க முயற்சியில் ஈடுபட்ட நிறுவனத்தார் வாங்கினர். எண்ணியபடி அது பெரிய நிலக்கரித் துறையாக மலரவில்லை. வண்டல் தன் பழைய வேலையை மீண்டும் தொடங்கிற்று. கூரை சரிந்த கொட்டில்களும் துருவேறிய தண்டவாளங்களும் புல் மூடிய மேடைகளுமாக ரிச்பரோ கிடந்தது. இதுவரை கூறியதையே அத்துறைமுகத்தின் வரலாறு என்பர் பலர். எமக்கோ, வரலாறு இனிமேல்தான் தொடங்குகின்றது.

1938 நவம்பர் 9, 10-ஆம் நாட்களில் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் யூதர்தம் தொழுகைக்கூடங்கள் எரியூட்டப்பட்டன. கடைகளின் கண்ணாடிகள் நொறுக்கப்பட்டன. ஏறக்குறைய 30,000 ஆடவர் பிடிக்கப்பட்டு டாக்காவ், பூகன்வால்டு, சாக்ஸன்ஹவுசன் என்னும் கொடுஞ்சிறை முகாம்களில் அடைக்கப்பட்டனர். நாட்டை விட்டு உடனே வெளியேறுவதாகக் காட்டினாலன்றி அவர்க்கு விடுதலை இல்லை. வெளியேறுவதற்கோ ஏற்கும் நாடு இல்லை. இங்கிலாந்திலிருந்த யூத அறக்கழகத்தார் அரசினரிடம் மன்றாடி ஓர் ஏற்பாட்டுக்கு இசைவு பெற்றனர். அவர் தேடிய இடமாக அகப்பட்டது, இருபது ஆண்டுகளாய்ப் பாழ்பட்டுக் கிடந்த ரிச்பரோப் பாசறை.

அப்பாசறையின் பெயர் கிச்சனர் முகாம். 1902 முதல் 1909 வரை நம் நாட்டில் படைத்தலைவராயிருந்து, பின் போர் அமைச்சராகி, 1916-இல் கடலில் மாண்ட கிச்சனர் பிரபுவின் பெயர் அது. தென்னாப்பிரிக்கப் போரில் அவர் தலைமையின்கீழ்ப் போயர்ப் பெண்டிரும் குழந்தைகளும் முகாம்களில் அடைக்கப்பட்டுப் பல்லாயிரவர் நோயால் மடிந்ததை நினைப்போர்க்கு, கொடுஞ்சிறை முகாமினின்று தப்பியவர்க்குப் புகலிடமான இடத்திற்கு அவர் பெயரே வாய்த்தது விந்தையாகத் தோன்றும்.

1939-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முதற் கூட்டத்தினர் வந்திறங்கினர். மருத்துவரும் வழக்கறிஞரும் இசைவாணரும் கணக்கரும் தச்சரும் அவருள் இருந்தனர். அனைவரும் மண்வெட்டி ஏந்தினர். கூரை வேய்ந்தனர், குழாய் பதித்தனர், பாதை அமைத்தனர், படுக்கை அடுக்கினர். ஆங்கில வகுப்புகள் நடந்தன; இசைக்குழு ஒன்று எழுந்தது; முகாமுக்கென ஒரு செய்தித்தாளும் வெளிவந்தது. போர் மூள்வதற்குள் ஏறக்குறைய 4,000 ஆடவர் அங்கு வந்து சேர்ந்தனர். சாண்ட்விச் நகரத்தார் தொகை ஏறக்குறைய இரட்டித்துவிட்டது என்பர். சிறுபான்மையோர் முணுமுணுத்தனர், பெரும்பான்மையோர் அவரை இயல்பாகவே ஏற்றனர். கச்சேரி கேட்க ஊரார் முகாமுக்குச் சென்றனர். போர்ப்பண்டங்களை ஏற்றுமதி செய்தற்கென்று கட்டிய துறை, உயிர்களை இறக்குமதி செய்தது. அதன் மேடையில் ஏறிய சரக்கு அனைத்தினும் இந்த 4,000 பேரே விலைமிக்கவர் என்று துணிந்து கூறுவோம்.

ஆயினும் புகழுரையோடு நிறுத்துதல் உண்மைக்கு மாறாகும். அந்தக் கதவு முழுதும் திறக்கப்பட்டதன்று. அரசினர் விதித்த நிபந்தனைகளை நோக்குக. வருவோர் பெரும்பாலும் உழைக்கும் வயதினராகிய ஆடவராய் இருத்தல் வேண்டும். வேறொரு நாட்டிற்குச் செல்லும் வழியில் தங்குவோராய் இருத்தல் வேண்டும். இங்கிலாந்தில் கூலிக்கு வேலை செய்தல் ஆகாது. செலவு அரசினரைச் சாராது. யூத அறக்கழகத்தாரே தாங்குதல் வேண்டும். மனைவியர்க்கும் மக்கட்கும் பெற்றோர்க்கும் முகாமில் இடமில்லை.

முல்லைப்பாட்டையும் நெடுநல்வாடையையும் பயின்ற நாம் பாசறை என்னும் சொல்லை அறிவோம். அப்பாடல்களில் தலைவன் போர்முனைப் பாசறையில் இருப்பான். தலைவி அரண் சூழ்ந்த மனையில் இருந்து வருந்துவாள். இடர் அவனுக்கு, ஏக்கம் அவளுக்கு. ரிச்பரோவில் இது தலைகீழாயிற்று. பாசறையில் இருந்தவன் போரற்ற அமைதியில் இருந்தான். மனையில் இருந்தவள் புலியின் வாயில் இருந்தாள். தான் உயிர் பிழைத்ததை எண்ணி உண்ணும் சோறு அவனுக்கு எவ்வாறு உட்செல்லும்? மனைவியை அழைத்துக்கொள்ள அவருள் பலர் ஒரு வழியைத் தேடினர். ஆங்கிலேயர் இல்லங்களில் வேலைக்காரியாகப் பணிபுரிய இசையும் பெண்ணுக்கு அனுமதிச் சீட்டு வழங்கப்பட்டது. எனவே முகாமில் இருந்தோர், தம் மனைவியைச் சமையற்காரியாக ஏற்கும் இல்லத்தரசி எவளேனும் உளளோ என்று உசாவித் திரிந்தனர். சிலர்க்கு வாய்த்தது. பலர்க்குச் சீட்டு வரும் முன் 1939 செப்டம்பர் 3 வந்துவிட்டது. அன்று இங்கிலாந்து போர் தொடுத்தது, எல்லைகள் அடைபட்டன. தங்கிவிட்ட குடும்பத்தாருள் மிகப் பலர் பின்னர் நாஜிகளால் கொல்லப்பட்டனர்.

"அக்காலத்தில் இங்கிலாந்திலேயே பல இலட்சம் பேர் வேலையின்றி இருந்தனரே, அரசினர் வேறு யாது செய்வர்?" என்று ஒரு நண்பர் எம்மிடம் வினவினார். வினா புறக்கணிக்கத் தக்கதன்று. பிற பெரிய நாடுகள் பல இந்த அளவுகூடச் செய்யவில்லை என்பதும், துணையின்றி வந்த குழந்தைகள் ஏறக்குறைய 10,000 பேரை இங்கிலாந்து அதே மாதங்களில் ஏற்றது என்பதும் உண்மை. ஆயின், 1916-இல் வெறுஞ்சதுப்பில் பல்லாயிரவர்க்கு உறையுளும் உணவும் ஒளியும் அமைத்த அரசு, 1939-இல் அதே இடத்தில் அந்த ஆடவர்தம் மனைவியர்க்கும் பிள்ளைகட்கும் இடம் காண இயலாது என்றால், குறை இடத்திலா, பொருளிலா, மனத்திலா? வெடிகுண்டை ஏற்றும்போது, 'இது வேறு நாடு செல்லும் ஏற்பாடு உடையதா? செலவை யார் பொறுப்பார்?' என்று எவரும் கேட்டிலர்.

இதனைக் கூறும் யாம் கிறிஸ்தவர். ஆதலால் எம்மவரை விட்டுவிட்டுப் பிறரைக் குறைகூறுதல் முறையாகாது. எம் ஆண்டவர் குழந்தைப் பருவத்திலேயே தாயோடு வேற்று நாட்டுக்குத் தப்பியோடியவர் என்று ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்புக் காலத்தில் கேட்கின்றோம். அவ்வாறிருந்தும், அந்நாளில் சிச்செஸ்டர் அத்தியட்சர் ஜார்ஜ் பெல் போன்ற சிலரும், குவேக்கர் எனப்படும் நண்பர் சங்கத்தாரும் அகதிகட்காக உழைத்த அளவு, ஐரோப்பியத் திருச்சபைகள் அனைத்தும் உழைத்தன என்று எம்மால் எழுத இயலவில்லை. யூதர் பணத்தால் யூதர் காக்கப்பட்டனர். கிறிஸ்தவ நாடு இடத்திற்கு இசைந்தது. அவ்வளவே.

போர் மூண்ட பின் முகாமில் இருந்தோருள் 887 பேர் பிரித்தானியப் படையின் முன்னோடித் தொழிற்படையில் சேர்ந்தனர். எந்நாடு தம்மைத் துரத்தியதோ அந்நாட்டை எதிர்க்கும் படையில் மண்வெட்டியோடு நின்றனர். 1940-ஆம் ஆண்டுக் கோடையில் பிரான்சு வீழ்ந்தது. உடனே அச்சம் அறிவை விழுங்கிற்று. நேற்றுவரை அடைக்கலம் பெற்றவராயிருந்தோர், ஜெர்மானியர் என்னும் ஒரே காரணத்தால், பகைநாட்டார் எனப்பட்டனர். முகாம் மூடப்பட்டது. படையில் சேராது எஞ்சியிருந்தோர் மான் தீவில் காவலில் வைக்கப்பட்டனர். சிலர் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேற்றப்பட்டனர். ஹிட்லரிடமிருந்து தப்பியவரை, ஹிட்லரின் உளவாளியர் ஆகலாம் என்று ஐயுற்றுக் கம்பிவேலிக்குள் வைத்தது வரலாற்றின் மிகக் கசப்பான நகைச்சுவை.

பிற்பட்ட செய்திகளைச் சுருங்கக் கூறுவோம். 1944 ஜூனில் நார்மண்டிக் கரைக்கு எதிரே நிறுவப்பட்ட செயற்கைத் துறைமுகங்களின் உறுப்புகள் சில ரிச்பரோவில் உருவாயின. பழைய புகைவண்டிக் கலங்கள் மூன்றனுள் இரண்டு அப்போரில் மூழ்கின; எஞ்சிய ஒன்று 1957-இல் உடைக்கப்பட்டது. அப்பகுதியில் 1962-இல் மின்னிலையம் ஒன்று எழுந்து 1996-இல் மூடப்பட்டது. அதன் மூன்று பெருங்குளிர்விப்புக் கோபுரங்களும் புகைபோக்கியும் 2012 மார்ச்சில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. காலையிலேயே கூட்டம் கூடி நின்று அவை சரிந்ததைக் கண்டு களித்தது.

கிச்சனர் முகாமின் நினைவாக 1971-இல் சாண்ட்விச் நகரில் ஒரு பலகை பதிக்கப்பட்டது. நம் கல்லூரியினின்று மேற்படிப்பின்பொருட்டு இங்கிலாந்து செல்லும் அன்பர்கள் உரோமர் மதிலைக் காண ரிச்பரோவுக்குச் செல்லின், திரும்பும் வழியில் ஊருக்குள் சென்று அப்பலகையின்முன் சிறிது நேரம் நின்று, தாம் கண்டதை அடுத்த ஆண்டு மலருக்கு எழுதியனுப்புமாறு வேண்டுகின்றோம்.